பாதி டேங்க்

அறுபதுகளின் தொடக்கத்தில் கொடைக்கானல் ஏரிக்குப் பக்கத்தில் ஓர் அம்மாள் தங்கும் விடுதி நடத்தினார். சேலைக்கு மேல் ஆண்கள் போடும் கம்பளிக் கோட்டு போட்டிருப்பார். விடிந்ததும், கொட்டகையில் நிற்கும் பழைய கறுப்புக் காரின் முன்கண்ணாடியில் படிந்த பனியைத் துடைத்துவிட்டுத்தான் அடுப்பு பற்றவைப்பார். கார் அவருடையதல்ல. விடுதியில் தங்கியிருந்த ஒருவர், வந்து எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, அதை விட்டுவிட்டு பஸ்ஸில் கீழே இறங்கிப் போனார். பல வருஷமாகியும் வரவில்லை.

பெட்ரோல் டேங்க் ஒழுகுகிறது என்று மெக்கானிக்கான என்னைக் கூப்பிட்டார். கழற்றினேன். உள்ளே ஒரே துரு.

"பாதி டேங்க்கோட விட்டுட்டீங்கம்மா. குளிருக்கு மேல்பாதியில தண்ணி கோத்து அரிச்சிருச்சு. ஒண்ணு காலி பண்ணியிருக்கணும், இல்ல நிரப்பி வச்சிருக்கணும்."

கோட்டுப் பொத்தானைத் திருகியபடி சொன்னார்: "காலி பண்ண மனசு வரல தம்பி. நிரப்புனா, யாரு வர்றாங்கன்னு ஊரு கேக்கும்ல?"

மதுரையிலிருந்து வேறு டேங்க் வரவழைத்து, ஒரு மத்தியான வெயிலில் மாட்டி முடித்தேன். இந்த முறை நிரப்பத்தான் சொல்வார் என்று நினைத்து பெட்ரோலை ஊற்றினேன். பாதி ஆனதும் கேனைப் பிடித்துக்கொண்டார்.

"போதும் தம்பி."

"மறுபடியும் அரிச்சிரும்மா."

"அரிச்சா மாத்திக்கிருவோம்."

ஸ்டார்ட் செய்து பார்க்கவாவது சொல்வார் என்று நின்றேன். அவர் முன்கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கியிருந்தார். அதில் அப்போது பனியே இல்லை.