நனைந்த இரண்டு கடிதங்கள்

பூவிருந்தவல்லிச் சாவடியில் மழை இப்போதுதான் விட்டிருக்கிறது. ஆற்காட்டு நவாபின் தூதர் நனைந்துபோன இரண்டு கடிதங்களைப் பைகளிலிருந்து எடுத்துக் கயிற்றில் காயப்போட்டிருக்கிறார். ஒன்று சென்னப்பட்டணத்து இங்கிலீஷ்காரருக்கு, மற்றது புதுச்சேரிப் பிரெஞ்சுக்காரருக்கு. என் இடுப்பில் மைக்கூட்டைப் பார்த்ததும் கிட்டே வருகிறார்.

"அண்ணாத்தே, பார்சி எழுத்து படிப்பீங்களா? பேரு பை மேலதான் கீது. எது யாருக்குன்னு தெர்ல. மாத்திக் குடுத்தா என் தலை பூடும்."

பாரசீகம் எனக்குத் தெரியும்; படிக்கிறேன். இரண்டிலும் ஒரே வாசகம்: 'உயிர் நண்பரே, உங்களை விட்டால் எனக்கு நாதியில்லை. மற்றவர்களை நம்பாதீர்கள்.'

"எதை எந்தப் பையில போட்டாலும் ஒண்ணுதான்" என்கிறேன்.

அவர் முகம் தெளிகிறது. "மைசூருக்குப் போறத என் மச்சான் எடுத்துகினு பூட்டான். அதுல இன்னா எழுதிகீதோ."

"அதையும் இப்பத்தான் படிச்சேன்."