ரப்பர் பெல்ட்டில் ஓடிய எஞ்சின்

எண்பதுகளின் பிற்பாதியில் ஆட்டையாம்பட்டியில் எங்களுக்கு ஒரு வாடகைக் கார் இருந்தது. ஓட்டுவது என் வீட்டுக்காரர். ஆயில் மாற்றுவது, பிரேக் பார்ப்பது, பஞ்சர் ஒட்டுவது எல்லாம் வாசலிலேயே இருவரும் சேர்ந்து செய்வோம். என் அப்பா மாவு மில் நடத்தியவர் என்பதால் கிரீஸும் ஸ்பேனரும் எனக்குப் புதிதில்லை.

அந்த வருஷம் காரின் பெட்ரோல் எஞ்சின் தேய்ந்துபோய்ப் புகை கக்கிக்கொண்டிருந்தது. சேலம் ஸ்டாண்டில் இருந்தவர்கள் ஒவ்வொருவராக டீசல் எஞ்சினுக்கு மாறிக்கொண்டிருந்தார்கள். நாமும் மாற்றிவிடலாம் என்று இவர் தினமும் சாப்பிடும்போது சொல்வார். எஞ்சின்தான் கிடைக்கவில்லை.

ஒருநாள் காலையில் என் கொழுந்தனார் திருச்செங்கோட்டிலிருந்து வந்து இறங்கினார். போர்வெல் ரிக் வண்டிகளில் கம்ப்ரசர் மெக்கானிக்காக இருந்தார் அவர். செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்றே கத்தினார்.

"அண்ணா, எஞ்சின் ஒண்ணு மாட்டியிருக்குதுங்ணா! ஜப்பான் டீசலு. நாமக்கல் ரோட்டுல வண்டி ஒடைக்கற பட்டறையில கெடக்குது. இப்பவே கெளம்புங்க, மத்தியானத்துக்குள்ள எவனாச்சும் தூக்கிருவான்."

இவர் பாதி தோசையை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார். நானும் வருகிறேன் என்றேன். "நங்கை வராம எப்படி?" என்றார் கொழுந்தனார். எங்கள் பக்கம் அண்ணன் மனைவியை நங்கை என்றுதான் அழைப்பார்கள்.

பட்டறையில் ஒரு சின்ன வேன் முன்பக்கம் நசுங்கிக் கிடந்தது. அதிலிருந்து கழற்றிய எஞ்சினை கியர் பாக்ஸோடு தனியாக வைத்திருந்தார்கள். கையகலத்துக்கு ஆயில் படிந்த தூசி. அதற்கடியில் எங்கள் காருக்கு அளவெடுத்துச் செய்ததுபோல் அடக்கமான உடம்பு. கொழுந்தனார் டேப்பை வைத்து நீளம், அகலம், மவுண்டிங் எல்லாம் அளந்தார். ஒவ்வொன்றுக்கும் "உக்காந்துரும்ங்ணா" என்று சொல்லும்போது அவர் குரல் ஏறிக்கொண்டே போனது. பட்டறைக்காரர் ஒரு கம்பியை விட்டு எஞ்சினை அரைச் சுற்று சுற்றிக் காட்டினார். "கண்ண மூடிட்டு மாட்டுங்க சாமி, ஓடும்" என்றார்.

சேலம் போகிற லாரியில் ஏற்றினோம். நானும் கொழுந்தனாரும் டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டோம். இவர் மட்டும் பின்னால் ஏறி, வழி நெடுக எஞ்சின்மேல் ஒரு கையை வைத்தபடியே வந்தார். கயிறு போட்டுக் கட்டித்தான் இருந்தது. இருந்தாலும் கையை எடுக்கவில்லை.

மறுநாள் காலை பழைய எஞ்சினை செயின் பிளாக் போட்டுத் தூக்கி வெளியே வைத்துவிட்டோம். காரின் முகம் வெறும் பொக்கையாக இருந்தது. அந்த வெள்ளிக்கிழமை எங்கள் தெருப் பெண் ஒருத்திக்கு ஓமலூரில் கல்யாணம். பெண்ணை அழைத்துப் போக எங்கள் காரைத்தான் சொல்லியிருந்தார்கள். அதனால் புது எஞ்சினை அன்றைக்கே இறக்கிவிட வேண்டுமென்று இவர் துடித்தார்.

இரண்டு லாரி டயர்களை அடுக்கி அதன்மேல் எஞ்சினை உட்காரவைத்து மண்ணெண்ணெயால் கழுவினோம். கொழுந்தனார் முன்பக்கம் குனிந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இதென்னங்ணா, முன்மூடி பிளாஸ்டிக்குல இருக்குது?" மேலே ஒரு போல்ட்டைக் கழற்றி மூடியை விலக்கிப் பார்த்தார். "அடக் கடவுளே, உள்ள கியரும் இல்ல, செயினும் இல்ல. பெல்ட்டுங்ணா! ரப்பர் பெல்ட்டு!"

மூவரும் தலைகளை ஒட்டவைத்து எட்டிப் பார்த்தோம். கறுப்பாக, உட்புறம் பல் வைத்த பெல்ட்; கீழ்ச் சக்கரத்திலிருந்து மேல் சக்கரம்வரை அதுதான் சுற்றிக்கொண்டு போனது. அதுவரை அப்படி ஒன்றை நாங்கள் யாருமே கண்டதில்லை. இத்தனை பெரிய இரும்பு ஒரு ரப்பர் வாரை நம்பியா ஓடுகிறது என்று எனக்குச் சிரிப்பும் வந்தது, உடம்பு சிலிர்க்கவும் செய்தது.

"எதுல ஓடுனா என்ன? ஓடுனாச் சரி. செயின் பிளாக்க இழுடா" என்றார் இவர்.

எனக்கு அப்பாவின் மில் ஞாபகம் வந்தது. பெல்ட் ஒரு விரல் ஓரம் போனாலே அப்பா மில்லை நிறுத்திவிடுவார். "ஏனுங்க, மாட்டறதுக்கு முன்னால கையில சுத்திப் பாத்துரலாமுங்க" என்றேன்.

"அதான் பட்டறையிலயே சுத்திக் காட்டுனாரே அம்மிணி?"

"அவரு அரைச் சுத்துதானுங்க சுத்துனாரு."

இவர் கொழுந்தனாரைப் பார்த்தார். "நங்கை சொல்றது நாயந்தானுங்ணா" என்றார் அவர்.

உள்ளே காற்று அடைக்காமல் இருக்க நான்கு சிலிண்டர்களிலும் இருந்த ஹீட்டர் பிளக்குகளைக் கழற்றினோம். கீழே இருக்கிற கிராங்க் போல்ட்டில் நீளமான ஸ்பேனரை மாட்டி இவர் மெல்லச் சுற்றினார். வெண்ணெய் மாதிரி சுற்றியது. "பாத்தியா, பாத்தியா!" என்று என்னைப் பார்த்துச் சிரித்தார். அடுத்த கணம் 'டக்' என்று ஒரு சத்தம். ஸ்பேனர் நின்றுவிட்டது.

இவர் இன்னும் கொஞ்சம் அழுத்தப் போனார். நான் அவர் மணிக்கட்டைப் பிடித்தேன். "வேண்டாமுங்க. இரும்புல இரும்பு இடிக்கற சத்தமுங்க அது."

பின்பக்கமாகச் சுற்றினால் தாராளமாக வந்தது. மறுபடி முன்னால் சுற்றினால் அதே இடத்தில் 'டக்'. கொழுந்தனாரின் முகம் மாறிப்போனது.

"பிஸ்டனு வால்வுல போய் முட்டுதுங்ணா. மேல இருக்கற ஷாப்டும் கீழ இருக்கற ஷாப்டும் ஒண்ணுக்கொண்ணு ஒத்து ஓடல. காருல ஏத்திச் சாவியப் போட்டிருந்தா, மொத்த வால்வும் வளைஞ்சு போயிருக்கும்."

இவர் தொடையைத் தட்டிக்கொண்டு எழுந்தார். "எங்க தப்புன்னு தெரிஞ்சு போச்சில்ல? கழட்டுடா மூடிய!"

அதற்குப் பிறகு எங்களுக்குப் பசி, தாகம் எதுவும் தெரியவில்லை. மூடியை முழுக்கக் கழற்றி, பல் தேய்க்கிற பிரஷ்ஷால் சக்கரங்களை ஒவ்வொன்றாகத் தேய்த்தேன். அழுக்கு போகப் போகக் குறிகள் தெரிந்தன. கிராங்க்கில் இருக்கிற கீழ்ச் சக்கரத்தில் ஒரு வெட்டு, டீசல் பம்ப் சக்கரத்தில் ஒரு கோடு, வால்வுகளைத் திறந்து மூடும் மேல் ஷாப்டின் சக்கரத்தில் ஒரு கோடு. ஒவ்வொன்றுக்கும் நேராக எஞ்சின் உடம்பிலும் ஒரு குறி. மூன்றும் ஒரே சமயத்தில் அதனதன் குறிக்கு நேராக வந்து நிற்க வேண்டும். முடிந்த அளவுக்குச் சுற்றிப் பார்த்தோம். கீழே ஒத்துப்போனது, பம்ப்பும் ஒத்துப்போனது, மேலே மட்டும் மூன்று பல் பின்னால் நின்றது.

பெல்ட்டை இறுக்கிப் பிடிக்கிற உருளையின் போல்ட்டில் பளபளவென்று புதிய ஸ்பேனர் காயம் இருந்தது. யாரோ பெல்ட்டைக் கழற்றிவிட்டு, விற்பதற்காகக் குத்துமதிப்பாகத் திரும்ப மாட்டியிருக்கிறார்கள்.

பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றினோம். பிஸ்டன்கள் மேலே இருக்கும்போது மேல் சக்கரத்தைத் தொட்டால் மறுபடி முட்டும் என்று கொழுந்தனார் முதலில் கீழ்ச் சக்கரத்தைக் கால் சுற்று பின்னுக்குத் தள்ளினார். பிறகு மேல் சக்கரத்தைக் குறிக்குக் கொண்டுவந்து, கடைசியாகக் கீழ்ச் சக்கரத்தைத் திரும்பவும் அதன் குறிக்குக் கொண்டுவந்தார். நான் பெல்ட்டை உள்பக்கம் வெளிப்பக்கமாக மடக்கி வெடிப்பு இருக்கிறதா என்று அங்குலம் அங்குலமாகப் பார்த்தேன். ஒரு கீறல்கூட இல்லை. மாட்டினோம்.

இவர் ஸ்பேனரைப் பிடித்தார். முன்பு முட்டிய இடம் நெருங்கும்போது மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டோம். தாண்டிவிட்டது! ஒரு முழுச் சுற்று முடிந்து கீழ்க் குறி நேராக வந்து நின்றது. நான் மேலே பார்த்தேன். மேல் சக்கரத்தின் கோடு தலைகீழாக அடியில் நின்றது.

"போச்சுங்க! மறுபடியும் தப்பிருச்சு!" என்று அலறிவிட்டேன்.

கொழுந்தனார் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "நங்கை, கீழ ரெண்டு சுத்து சுத்துனாத்தான் மேல ஒரு சுத்து. இன்னொருக்காச் சுத்தச் சொல்லுங்க." இன்னொரு சுற்றில் மூன்றும் அதனதன் இடத்தில் வந்து நின்றன. எனக்கு வெட்கமாக இருந்தாலும் கை தட்டினேன்.

வால்வுகள் ஏற்கெனவே வளைந்திருந்தால் என்ன செய்வது என்ற பயம் மிச்சம் இருந்தது. ஹீட்டர் பிளக் ஓட்டைகளில் ஒவ்வொன்றாக நான் கட்டைவிரலை வைத்து அடைக்க, இவர் சுற்றினார். முதல் ஓட்டையில் 'புஸ்' என்று காற்று விரலைத் தள்ளியது. இரண்டாவதிலும் தள்ளியது. மூன்றாவதில் முதலில் ஒன்றுமே இல்லை. விரலைச் சரியாக அழுத்தாதது என் தப்பு. மறுபடி வைத்தேன், தள்ளியது. நான்காவதில் விரல் தெறித்தது. "நாலும் இருக்குதுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் அடுத்த வீட்டுத் தறி நின்று, அங்கிருந்து ஆட்கள் வந்து எட்டிப் பார்த்தார்கள்.

ஆனால் சுற்றச் சுற்றப் பெல்ட் வெளி ஓரத்துக்கு நகர்ந்துகொண்டே வந்தது. மாவு மில்லில் நான் பார்த்த அதே நகர்வு. இரும்பு ஸ்கேலைச் சக்கரங்களின் முகத்தில் குறுக்கே வைத்துப் பார்த்தேன். மூன்று சக்கரமும் ஒரே தளத்தில் இருந்தன. உருளை மட்டும் கொஞ்சம் சாய்ந்து நின்றது. வேன் மோதியபோது அதைத் தாங்குகிற தகடு வளைந்திருக்க வேண்டும்.

"அயோத்தியாப்பட்டணத்துல தெரிஞ்ச லேத்துக்காரர் இருக்காருங்ணா. இதா வந்தர்றேன்" என்று தகட்டைத் துண்டில் சுற்றிக்கொண்டு கொழுந்தனார் பஸ்ஸுக்கு ஓடினார். பஸ் கிடைக்காமல் லாரியில் தொற்றிப் போய், வேறொரு லாரியில் திரும்பி வந்தார். தகட்டை நிமிர்த்தி, முகத்தையும் சமமாகக் கடைந்து தந்திருந்தார்கள். மாட்டிக் கை வலிக்கும்வரை சுற்றினோம். பெல்ட் நடுவிலேயே ஓடியது. குறிகள் மூன்றும் திரும்பத் திரும்ப நேராக வந்து நின்றன.

அதன்பின் எஞ்சினைத் தரையிலேயே ஓட்டிப் பார்க்காமல் யாராலும் பொறுக்க முடியவில்லை. ஹீட்டர் பிளக்குகளைத் திரும்ப மாட்டி, கார் பேட்டரியை இறக்கி ஒயரைக் கொடுத்தோம். டீசல் கேனைக் கட்டிலின்மேல் வைத்து டியூபை இறக்கினோம். வாசலில் அரைத் தெரு கூடிவிட்டது. இவர் ஒயரைத் தொட்டார். எஞ்சின் ஒருமுறை முனகியது, நின்றது. மறுபடி தொட்டார். இருமியது. வெள்ளைப் புகை வேலிவரை போனது. மூன்றாம் முறை பிடித்துக்கொண்டு 'தடதட'வென்று ஓட ஆரம்பித்தது. டயரோடு சேர்ந்து தரை அதிர்ந்தது. இவரும் கொழுந்தனாரும் கட்டிப்பிடித்துக் குதித்தார்கள். யாரோ ஒரு தறிக்காரர் விசிலடித்தார். என் சேலை முழுக்க மண்ணெண்ணெய். நான் சிரிக்கிறேனா அழுகிறேனா என்று எனக்கே தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை விடியும்போது எஞ்சின் காருக்குள் இருந்தது. மணப்பெண்ணும் அவள் அத்தையும் பின்சீட்டில் ஏறினார்கள். துணைக்கு நான் முன்சீட்டில் உட்கார்ந்தேன். ஊர் எல்லையைத் தாண்டியதும் அத்தைக்காரி முன்னால் சாய்ந்து கேட்டாள்.

"ஏனுங்க சாமி, காருக்குள்ள டிராக்டர் சத்தம் கேக்குது?"

"ஜப்பான் டிராக்டருங்க" என்றார் இவர், முகத்தைச் சிரிக்காமல் வைத்துக்கொண்டு. மணப்பெண்தான் முதலில் சிரித்தாள். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள். அது எனக்கும் ஒட்டிக்கொண்டது. ஓமலூர் மண்டபத்துக்கு நாங்கள் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்துவிட்டோம். மாப்பிள்ளை வீட்டார் பெண்ணை வரவேற்க வேண்டிய மேளக்காரரைத் தேடிக்கொண்டு ஓடினார்கள்.