வண்டி அண்ணனுக்கு, ரேடியோ எனக்கு

எண்பதுகள்ல எங்க பழைய பிக்கப் வண்டியில நான் புது ரேடியோ மாட்டின அன்னைக்கு, அண்ணாமலையாரே மலை மேலிருந்து எட்டிப் பார்த்தார். பின்னாடி இருந்த மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, மூட்டைகளும் தாளம் போட்டன. ஓட்டினது அண்ணன், பக்கத்துல நான்.

அப்புறம் பாகம் பிரிச்சாங்க. ஊர்ப் பெரியவங்க உலக மகா தீர்ப்பு சொன்னாங்க.

"வண்டி பெரியவனுக்கு. ரேடியோ சின்னவன் வாங்கினது, அது அவனுக்கு."

அண்ணன் அன்னைக்கே அதைப் பிடுங்கி, ஒயர் தொங்க என் வாசல்ல வெச்சிட்டுப் போனார். வண்டி பேட்டரி இல்லாம ரேடியோ பேசலை. அன்னையிலேர்ந்து அவரும் பேசலை.

இன்னைக்கு அண்ணன் மகன் போன் பண்ணான்.

"சித்தப்பா, பழைய வண்டி சேர்க்கிற ஒருத்தர் நம்ம வண்டியைக் கேக்கறாரு. அந்த ரேடியோவும் இருந்தாத்தான் எடுப்பாராம். இருக்குங்களா?"

"இருக்குடா. உங்கப்பாவை அவர் வாயால ஒரு தடவை கேக்கச் சொல்லு. சும்மாவே தரேன்."

"அப்பா பக்கத்துலதான் கேட்டுக்கிட்டிருக்காரு."

தொண்டையைக் கனைக்கிற சத்தம் வந்துச்சு. நான் போனைக் காதோட அழுத்திக்கிட்டேன்.

"வண்டியையே விக்கலைன்னு சொல்லிடுடா." மகன்கிட்டதான் சொன்னார்.

ரேடியோவாவது பேட்டரி குடுத்தா பேசிடும்ங்க. இவருக்கு என்ன குடுக்கறது? தெரிஞ்சவங்க சொல்லுங்க.