கம்பெனி எழுதிய வயது

மருத்துவ முகாம் நடந்த அன்று எங்கள் பனியன் கம்பெனியில் எனக்குச் சால்வை போர்த்தினார்கள். கேன்டீனில் வரிசையில் நின்று எல்லோரும் பிரஷர் பார்த்துக்கொண்டோம். என் முறை வந்தபோது டாக்டரம்மா அட்டையில் இருந்த வயதைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், நம்பாமல் மறுபடியும் காற்றடித்தார்.

"ஐம்பத்தெட்டா? பிரஷர் சின்னப் பொண்ணு மாதிரி இருக்கே. சுகரும் இல்லை" என்றார்.

செய்தி முதலாளி காதுக்குப் போய்விட்டது. டீ நேரத்தில் என்னை எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "நம்ம அம்மிணியப் பாருங்க. இந்த வயசுலயும் எப்படி இருக்காங்க! நீங்கெல்லாம் நூறு வயசு இருக்கோணும்னா இவங்களப் பாத்துக் கத்துக்கோணும்."

கைதட்டினார்கள். எனக்கு வேர்த்துக் கொட்டியது. என் வயது ஐம்பத்து மூன்று. அது முதலாளிக்கும் தெரியும்.

ஏழாவதைப் பாதியில் விட்டுவிட்டு, பதின்மூன்று வயதில் இதே கம்பெனியில் கைமடியாகச் சேர்ந்தேன். டெய்லர் தைத்துத் தள்ளுகிற துணியைப் பிடித்து அடுக்குகிற வேலை. சேர்ந்த அன்றே சூப்பர்வைசர் சொல்லிவிட்டார்: "யாரு கேட்டாலும் பதினெட்டுன்னு சொல்லோணும் கண்ணு." என்னோடு சேர்ந்தவர்கள் அத்தனை பேருக்கும் பதினெட்டுதான். அப்படி ஒரு ஹால் முழுக்கப் பதினெட்டு. பிறகு பி.எஃப். அட்டையிலும் அதையே எழுதினார்கள். அதைக் காட்டித்தான் ஓட்டு அட்டை, ஆதார் எல்லாம் வந்தன. ஆதார் எடுக்கும்போது மகள் சொன்னாள், "இப்பவாச்சும் மாத்திரும்மா" என்று. பொய் சொன்னதற்குப் பிடித்துக்கொண்டு போவார்களோ என்று பயந்து விட்டுவிட்டேன். நான் எதற்கும் வெசனப்படுகிறவள். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி ஓடி வருகிறவள்.

முகாம் முடிந்த மறுவாரம் எச்.ஆர். தம்பி ஒரு தாளை நீட்டினான். "அக்கா, இதுல ஒரு கையெழுத்துங்க. இந்த மாசத்தோட உங்களுக்கு ரிடையர்மென்ட்."

"என்ற வயசு ஐம்பத்து மூணுதானுங்க தம்பி."

சிரித்தான். "எங்கம்மாளும் இப்படித்தானுங்க்கா. கல்யாண ஊட்டுக்குப் போனா பத்து வயசக் குறைச்சுத்தான் சொல்லும்."

பக்கத்து மேஜைக்காரர் விடவில்லை. "சால்வை வாங்கறப்ப ஐம்பத்தெட்டு, கையெழுத்துப் போடறப்ப ஐம்பத்து மூணுங்களா?" அறை முழுக்கச் சிரித்தது.

முதலாளியிடம் போனேன். அவருக்கு எழுபது தாண்டியாகிவிட்டது. இன்றும் காலை எட்டரைக்குச் சீட்டில் இருப்பார். "உழைச்சது போதும் அம்மிணி. ஊட்ல ரெஸ்ட் எடுங்க. வாக்கிங் போங்க, கம்பு ராகின்னு சாப்பிடுங்க. ஆயுசு கெட்டி உங்களுக்கு" என்றார்.

பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. அந்தக் கெட்டி ஆயுசை வைத்துக்கொண்டு வீட்டில் என்ன செய்வது? இப்போது எனக்குச் செக்கிங் வேலை; மேஜையில் விளக்கடியில் தைத்த துணியை விரித்து ஓட்டை, எண்ணெய்க் கறை தேடும்போதுதான் என் மனது கொஞ்சம் சும்மா இருக்கும். மூன்று நாள் லீவு விட்டால் தலைவலிக்கு ஒரு வியாதி, இடுப்பு வலிக்கு ஒரு வியாதி என்று நானே கண்டுபிடித்துவிடுவேன். ரொம்ப நாள் இரு என்று எல்லோரும் சொல்கிறார்கள். எங்கே இருப்பது, எதைச் செய்துகொண்டு இருப்பது என்று ஒருவரும் சொல்வதில்லை.

மறுநாள் லீவு போட்டுவிட்டுச் சாமளாபுரத்தில் நான் படித்த பள்ளிக்கூடத்துக்குப் போனேன். தலைமையாசிரியை பழைய சேர்க்கைப் பதிவேட்டைத் தேடி எடுத்தார். அப்பா சொல்லி எழுதிய பிறந்த தேதி அப்படியே இருந்தது. சான்று எழுதி முத்திரை குத்திக்கொடுத்தார். "இதுக்கு ஏனுங்க இத்தன வருசம் வராம இருந்தீங்க?" என்று கேட்டார். முதலாளி மேல் வந்த கோபத்தில் பாதி என் மேலேயே திரும்பிவிட்டது.

அந்தச் சான்றின் ஜெராக்ஸைப் படித்ததும் எச்.ஆர். தம்பியின் சிரிப்பு நின்றது. தாளை எடுத்துக்கொண்டு முதலாளி அறைக்கு ஓடினான். என்னையும் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்கள்.

"அம்மிணி, இது வெளிய போனா என்னாகும் தெரியுமா?" முதலாளியின் குரல் இறங்கியிருந்தது. "பதிமூணு வயசுப் புள்ளைய வேலைக்கு வெச்சம்னு ஆயிப்போயிரும். வெளிநாட்டுக்காரன் அப்புறம் ஆர்டர் குடுப்பானா?"

தாளோடு எழுந்துபோய், சாத்திய கதவை மறுபடியும் இழுத்துப் பார்த்தார். நாற்பது வருடமாக நான் பயந்தேனே, அந்தப் பயம் என்னுடையதே இல்லை. இவர் பட வேண்டியதை நான் பட்டிருக்கிறேன்.

"எழுதுனது நீங்க. நீங்களே மாத்தி எழுதுங்க" என்றேன்.

"அது நடக்காது. கையெழுத்தப் போட்டுட்டுப் போங்க. கான்ட்ராக்டர்கிட்டச் சொல்றேன், தினக்கூலிக்கு வந்துக்கலாம்."

"கூலிக்கு வரலீங்க. என்ற அஞ்சு வருசத்தக் கேக்கறனுங்க."

அவர் தாளை டிராயருக்குள் தள்ளி மூடினார்.

"வெச்சுக்குங்க. இன்னும் நாலு காப்பி இருக்குதுங்க. மககிட்ட ஒண்ணு, அரிசி டப்பாவுல ஒண்ணு, பீரோவுல ரெண்டு. நான் பயந்தாங்கொள்ளிங்க, எல்லாத்தையும் நாலா வெப்பேன்."

கையெழுத்துப் போடாமல் கீழே இறங்கி என் மேஜைக்குப் போனேன்.

அவர்கள் குறித்த மாதம் முடிந்துவிட்டது. இதுவரை யாரும் கூப்பிடவில்லை. ஆதாரில் தேதி மாற்ற மகள் மனு எழுதிக்கொடுத்திருக்கிறாள். தினமும் காலையில் கேட்டைத் தாண்டும்வரை பயமாகத்தான் இருக்கிறது. வாட்ச்மேன் நிறுத்திவிடுவாரோ என்று. உள்ளே நுழைந்ததும் பயம் போய்விடுகிறது. கோபம் மட்டும் போகவில்லை.

நேற்று செக்கிங் மேஜைக்கு எதிர்ப்பக்கம் நிற்கிற பெண் கேட்டாள்: "இன்னும் எத்தன நாளைக்குக்கா வருவீங்க?"

"நெஜமாலுமே ஐம்பத்தெட்டு ஆகறவரைக்கும்" என்று சொல்லிவிட்டு அடுத்த பீஸை எடுத்தேன்.