நாலு சுவரும் விழுந்தபோது சிரித்தவன்

ஆர்லோ பெக், ஹாலிவுட் பக்கத்துக் கல்வர் சிட்டியில் சிரிப்புப் படம் எடுத்த எங்கள் ஸ்டூடியோவின் தச்சன். மோதினால் உடையும் கதவு, உட்கார்ந்தால் சரியும் நாற்காலி, இவைதான் அவன் கைவேலை. எதுவும் உருப்படியாக நிற்கக் கூடாது என்பதற்காகச் சம்பளம் வாங்கிய மனுஷன்.

ஊமைப்பட நாட்களில் அவன் சிரிப்புதான் ஸ்டூடியோவுக்குத் தராசு. காமிரா ஓடும்போதே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பான். அவன் சிரிக்காவிட்டால் நடிகர் மறுபடி விழுவார். அப்புறம் பேசும்படம் வந்தது, மைக் வந்தது, ஒலிப்பதிவுக்கு நான் வந்தேன். ஆர்லோ சிரித்தே இரண்டு காட்சிகளைக் கெடுத்தான்.

“இன்னொரு வாட்டி சிரிச்சே, உளி சுத்தியலைத் தூக்கிட்டு நடையக் கட்டு” என்றார் டைரக்டர் ஹாட்லி.

“நானா சிரிக்கிறேன் சார்? அதுவா வருது.”

“அப்ப அது கூடவே நீயும் போ.”

முப்பத்தொன்றாம் வருஷம் அது, நாடு முழுக்க வேலையில்லாத் திண்டாட்டம். வேலை கேட்டு வந்தவர்களின் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஆர்லோ வீட்டில் ஐந்து வாய். அன்று கைக்குட்டையை வாயில் திணித்துக்கொண்டுதான் நின்றான்.

காட்சி இதுதான்: படம் மாட்ட நடிகர் ஓர் ஆணி அடிக்கிறார். நாலு சுவரும் ஒவ்வொன்றாகச் சரிகின்றன. படத்தைக் கையில் பிடித்தபடி மனைவியைக் கேட்கிறார்: “நேரா இருக்கா?”

பலகைகள் இன்னும் சரிந்துகொண்டிருந்தன. என் காதில் மாட்டியிருந்த கருவியில் துருப்பிடித்த கேட் திறப்பது போல ஒரு சத்தம். திரும்பினேன். கைக்குட்டை தரையில் கிடந்தது, ஆர்லோவின் முகம் வெளுத்திருந்தது.

ஹாட்லி என்னைப் பார்த்தார். “யாரோ சிரிச்ச மாதிரி இருந்துச்சே. சத்தம் சுத்தமா வந்திருக்கா?”

“சுத்தமா இருக்கு சார். பலகை கிறீச்சிட்டிருக்கும்.”

பொய் வெளிப்பட்டால் எனக்கும் வேலை போகும். அடுத்த வாரம் க்ளெண்டேல் தியேட்டரில் வெள்ளோட்டம். கடைசி வரிசையில் நாங்கள் இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சுவர் விழுந்தது. “நேரா இருக்கா?” தியேட்டரே சிரிப்பில் அதிர்ந்தது. அந்தச் சிரிப்பில், படத்தில் பதிவாகியிருந்த ஆர்லோவின் சிரிப்பு மூழ்கிவிட்டது. அவன் என் கையைப் பிடித்தான், விடவேயில்லை.

வருஷங்கள் ஓடின. போன வசந்தத்தில் ஆர்லோ இறந்துபோனான். நேற்றுக் காலை டெலிவிஷனில் அந்தப் படம் போட்டார்கள். வீட்டில் நான் மட்டும். சுவர் விழுந்தது. மறைக்கக் கூட்டம் இல்லை. ஆர்லோ தெளிவாகச் சிரித்தான். அவனைத் தனியாகச் சிரிக்கவிட எனக்கு மனசு வரவில்லை, நானும் சத்தமாகச் சிரித்தேன்.