முதல் டிராக்டரின் கைப்பிடி

இது புளுகு என்று நினைப்பவர்கள் என் மச்சினனின் வலது கையைப் பார்த்துவிட்டு வந்து பேசட்டும். பட்டப்பகலில் நடந்தது. பெண்டாட்டியின் தம்பி என்பதற்காகச் சொல்லவில்லை, அவனுக்குப் பொய் சொல்லவே வராது.

டிராக்டர் கம்பெனியில் அவன் டெம்பரரி ஃபிட்டர். கம்பெனி முதன்முதலில் செய்த டிராக்டர் பின்னால் ஒரு ஷெட்டில் கிடந்தது. இரும்புச் சக்கரம், தட்டு மாதிரி ஒரு சீட்டு. பேட்டரி கிடையாது, செல்ஃப் கிடையாது. முன்னால் கைப்பிடியைச் செருகிச் சுற்றித்தான் கிளப்ப வேண்டும். ஆண்டு விழாவில் அதை ஓட வைத்தால் வேலை நிரந்தரம் என்று மேனேஜர் சொல்லிவிட்டார். அன்றைக்கே அக்காவிடம் ஓடி வந்து சொன்னான்.

அந்தக் கைப்பிடியைப் பிடிக்க ஒரு முறை உண்டு. கட்டைவிரலால் வளைத்துப் பிடிக்கக் கூடாது, மற்ற நாலு விரலோடு சேர்த்து ஒரே பக்கம் வைக்க வேண்டும். எஞ்சின் சில சமயம் எதிர்ப்பக்கம் உதைக்கும். வளைத்திருந்தால் விரல் அதோடு போச்சு. மச்சினனுக்கு இது தூக்கத்திலும் தெரியும். சின்ன வயதில் தகரம் கிழித்து அவன் வலது கட்டைவிரலில் குறுக்காக ஒரு தழும்பு வேறு.

முதலில் பானெட்டில் ஒரு கை அச்சு தெரிந்தது. புதுப் பெயின்ட்மேல் கிரீஸ். நாலு விரல் மட்டும். துடைத்தான். மறுநாளும் இருந்தது. பெயின்டரைப் பிடித்துத் திட்டினான். அவன் கையை விரித்துக் காட்டி, "எனக்கு அஞ்சும் இருக்குப்பா, எண்ணிக்கோ" என்று சிரித்தான்.

விழாவுக்கு முந்தின நாள். சாப்பாட்டு நேரம். ஷெட்டில் ஈ காக்கா இல்லை. கைப்பிடியைச் செருகினான்...

கட்டைவிரலை ஒதுக்கி வைத்துச் சுற்றினான். எஞ்சின் முனகியது. குனிந்து பார்த்தால், விரல் வளைந்து கைப்பிடியைச் சுற்றியிருந்தது.

மறுபடி ஒதுக்கினான்.

மறுபடி வளைந்தது...

விட்டுவிட்டு ஓடியிருக்கலாம். ஆனால் நாளைக்கு விழா. நிரந்தர வேலை கைநழுவிப் போய்விடுமே என்ற பயம். இன்னொரு தடவை பிடித்தான்.

ஜில்லென்று ஒரு உள்ளங்கை அவன் கைமேல் படிந்தது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாலு விரல் அழுத்தின.

"விடு..." என்றான்.

கைப்பிடி தானாகச் சுற்றியது.

டப்!

அலறல் கேட்டு ஆட்கள் ஓடி வந்தபோது டிராக்டர் ஓடிக்கொண்டிருந்ததாம். அறுந்த விரலை ஷெட் முழுக்கத் தேடினார்கள். கிடைக்கவே இல்லை.

ஆஸ்பத்திரியில்தான் கம்பெனி ஸ்டோர்கீப்பர் வாயைத் திறந்தார். அந்த டிராக்டரை முதலில் ஓட்டிப் பார்த்த ஆளுக்கு அதே கைப்பிடியில் கட்டைவிரல் போனதாம். புண் சீழ் வைத்து ஆள் போய்ச் சேர்ந்தாராம். அதற்கப்புறம்தான் அடுத்த மாடலில் செல்ஃப் வைத்தார்களாம். இதை முன்னாடியே சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா? கட்டைவிரல் இல்லாத ஃபிட்டருக்கு யார் வேலை தருவார்கள்? அவர்களும் தரவில்லை.

போன வாரம் அந்தப் பெயின்டர் எங்கள் வீட்டுக்கு வந்தான். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. பானெட்டில் மறுபடி கை அச்சு என்றான்.

"நாலு விரலா?" என்று கேட்டேன்.

இல்லையென்று தலையாட்டினான்.

"அஞ்சு. கட்டைவிரல்ல குறுக்கால ஒரு தழும்பு."