பாக்டீரியாவுக்கு டானிக்

ஆய்வுக்கூடத்தில் அவளுக்குக் கொண்டை ஊசி என்று பெயர். தலையில் அவள் ஒன்றும் செருகுவதில்லை. வாயைத் திறந்தால் அந்தப் பேச்சுதான், அதனால் வந்த பெயர். மரபணு சொல்வதை ஏந்திப் போகும் ஆர்.என்.ஏ. என்ற நாடா பாக்டீரியாவுக்குள் இருக்கிறதாம். அதன் தலைப்பக்கம் கொண்டை ஊசி மாதிரி மடிந்து மடிந்து கிடக்குமாம். அந்த மடிப்பில் வைட்டமின் வந்து உட்கார்ந்தால் மடிப்பு மாறி, வைட்டமின் சேகரிக்கும் வேலை நின்றுவிடுமாம்.

"வீட்டுல பால் நிறைய இருந்தா பால்காரரை வேண்டாம்னு சொல்றோம்ல, அதே கதைதான்" என்பாள். லிஃப்டில் அவளிடம் மாட்டியவர்கள் தலையாட்டிவிட்டு அடுத்த மாடியிலேயே இறங்கிவிடுவார்கள்.

மண்ணில் ஒன்று, கடலில் ஒன்று, மாட்டு வயிற்றில் ஒன்று. ஒட்டுமில்லாத உறவுமில்லாத இந்த மூன்று பாக்டீரியாக்களிடமும் ஏறக்குறைய ஒரே மடிப்பு இருந்தது. வேலையும் ஒன்றுதானா என்று அவள் பார்க்க நினைத்தாள். ஒவ்வொரு மடிப்பையும் பச்சையாக ஒளிரவைக்கும் ஒரு மரபணுவுக்கு முன்னால் ஒட்டி, தனித்தனிக் குடுவையில் வளர்த்தாள். நான்காவது குடுவையில் மடிப்பில்லாத வெறும் மரபணு. எல்லாவற்றுக்கும் வைட்டமின் கலக்காத பத்தியச் சாப்பாடு. நிறுத்தச் சொல்ல வைட்டமின் இல்லாததால் நாலும் பச்சைப்பசேலென்று ஒளிர வேண்டும்.

நான்காவது மட்டும் ஒளிர்ந்தது. மற்ற மூன்றும் கும்மிருட்டு. புதிதாக வளர்த்துப் பார்த்தாள், அதே இருட்டு. ஒட்டியதில்தான் கோளாறு என்று தன்னையே திட்டிக்கொண்டாள். துறைத்தலைவி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

அந்த நாட்களில் தினமும் மதியம் சாப்பாடு கொண்டுவந்தவர் அவளுடைய சித்தப்பா. மருந்துக்கடை நடத்தி ஓய்ந்தவர். டானிக் புட்டி இல்லாமல் வாசல்படி தாண்டமாட்டார். அவரைக் கண்டால் குடும்பமே வாயைப் பொத்திக்கொள்ளும்.

ஒருநாள் அவள் கைகழுவப் போனபோது குழாயில் தண்ணீர் வரவில்லை. உடனே திரும்பிவிட்டாள். சித்தப்பா குடுவையின் மேல் குனிந்து, சொட்டுக்குழாயோடு, "ஆ காட்டு, ஆ" என்று கொஞ்சிக்கொண்டிருந்தார்.

"சித்தப்பா! என்ன பண்றீங்க?"

"கத்தாதம்மா, பயந்துடும். வைட்டமின் இல்லாத சாப்பாடு போடறேன்னு நீதானே சொன்னே. கேட்டதுலேர்ந்து எனக்குச் சோறு இறங்கல. உருவம் சின்னதா இருந்தா பசிக்காதா?"

கேரியரைத் தூக்கி வீசலாமா என்று அவளுக்குத் தோன்றியது. சட்டென்று நின்றாள்.

"நாலுக்குமா கொடுத்தீங்க?"

"பின்னே? நான் பாரபட்சம் பார்க்கற ஆளா?"

நாலும் டானிக் குடித்திருக்கின்றன. மடிப்புள்ள மூன்றும் அணைந்துவிட்டன, மடிப்பில்லாதது அசையவில்லை! அவள் சித்தப்பாவின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு குதித்தாள். அவர் புட்டியைக் காப்பாற்றிக்கொண்டே கூடக் குதித்தார்.

துறைத்தலைவி வந்தார். "ஒரு வேளைக்கு எத்தனை சொட்டு விட்டீங்க, ஐயா?"

"அதது சோர்வுக்குத் தகுந்த மாதிரி, மேடம்."

தலைவி நாற்காலியைத் தேடி உட்கார்ந்தார்.

மறுபடி முறையாகச் செய்தார்கள். அளந்து ஊற்றிய சுத்தமான வைட்டமின், பூட்டிய கதவு. வெளியே நடைபாதையில் சித்தப்பா. வைட்டமின் போட்ட இடத்தில் மூன்று மடிப்பும் ஒன்றுபோல அணைந்தன, போடாத இடத்தில் ஜெகஜோதி.

கடைசியில் அவரை உள்ளே விட்டார்கள். அவர் ஒளிர்வதையே பார்த்துக்கொண்டு நின்றார். "பட்டினி கிடந்தாத்தான் இதுங்க பளபளன்னு இருக்குமா?" என்றார். வாழ்நாளெல்லாம் டானிக் விற்றவர் கையிலிருந்த புட்டியைத் திருப்பிப் பார்த்தார்.

கட்டுரை அச்சில் வந்தபோது, நன்றி சொல்லும் இடத்தில் அவரையும் சேர்த்திருந்தாள். "எதிர்பாராத உதவிக்கு" என்று போட்டிருந்தது. சித்தப்பா மூக்குக்கண்ணாடியை மாட்டி இரண்டு தடவை படித்தார்.

"எதிர்பாராததா? ஞாயிற்றுக்கிழமைகூட வந்தேனேம்மா!"